ரெண்டு கதவுத் தங்கமுத்து

நாமக்கல்லில் எந்த வண்டியைப் பார்த்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். எத்தனை டன் ஏறும்? புதுக் காரில் மாப்பிள்ளை வந்து இறங்கினாலும், மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து டயரைப் பார்க்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், வண்டியின் மேற்கூரை பின்பக்கமாக எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அதற்காகவே அரை மணி நேரம் வெயிலில் நிற்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். அவன்தான் தங்கமுத்து. லாரிப் பேட்டையில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ரெண்டு கதவு.

அவன் பட்டறையும் என் பட்டறையும் ஒரே சுவர். நான் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவன். லாரிக்கு அடியில் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில் மாதிரி வளைந்து நிற்குமே, அந்த வேலை. பாரத்தை எல்லாம் தாங்குவது அதுதான். பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து வளைத்து, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் போட்டு வைத்திருக்கும் வளைவுக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பான். கோட்டோடு ஒட்டினால் சரி. ஒரு நூல் விலகினாலும் மறுபடி உலைக்குத்தான். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், அளவு நாடாவை அவன் கையில் பார்த்ததில்லை.

அவன் பிறந்தது சேந்தமங்கலம் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. நானும் எட்டாவதுதான், அதனால் அதைப் பற்றி நான் பெரிதாகப் பேச முடியாது. பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினான். பிறகு பத்து வருடம் டிரைவர். பூனா, பரோடா, ஜெய்ப்பூர் என்று முட்டை, ஜவ்வரிசி, துணி எல்லாம் ஏற்றிப் போனவன். மற்ற டிரைவர்கள் வடக்கே போய் வந்தால் கம்பளி வாங்கி வருவார்கள். இவன் மட்டும் ஏதாவது ஒரு பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற பழைய காரின் கதையைக் கொண்டு வருவான். அதுவும் எல்லாக் காரும் இல்லை. இரண்டு கதவு உள்ள கார் மட்டும்.

கூபே என்பார்கள் அதை. பரோடாவில் ஒரு டயர் கடைக்காரர் சொல்லித்தான் இந்தப் பெயரே அவனுக்குத் தெரிந்தது. சாதாரணக் காரை எடுத்து, பின்கதவு இரண்டையும் எடுத்துவிட்டு, மேற்கூரையைச் சின்னதாக்கி, வாலை நீட்டிவிட்டது மாதிரி இருக்கும். முன்னால் இருக்கிற இரண்டு பேருக்கு ராஜ வசதி. பின்னால் உட்காருகிறவர்கள் முன்சீட்டை மடக்கி, குனிந்து, நெளிந்து உள்ளே போக வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நானே அவனிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். இரண்டு கதவு குறைந்தால் விலையும் குறைய வேண்டுமல்லவா, கூடுகிறதே, இது என்ன நியாயம்?

அவன் வாயால் பதில் சொல்ல மாட்டான். சாக்பீஸை எடுத்து, பட்டை வளைவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் குந்தி ஒரு கோடு இழுப்பான். மூக்கில் தொடங்கி, கண்ணாடியில் ஏறி, கூரையில் கொஞ்சம் தங்கி, அப்படியே வழிந்து வால் வரைக்கும் போய் முடியும். கையை எடுக்க மாட்டான். பிறகு பக்கத்தில் ஒரு நாலு கதவுக் காரை வரைவான். அதற்கு மூன்று இடத்தில் கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

"பாத்துக்கோ மச்சான். இது சனங்க போறதுக்குச் செஞ்சது. அது ஓட்றவனுக்குனு செஞ்சது" என்பான். அவ்வளவுதான் அவன் விளக்கம்.

டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. ஆனால் எல்லோரையும் விட அவன் மனைவி கந்தம்மாள்தான் கெட்டி. நாலு எருமை, மூன்று மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற பெண். ஊட்டில் பெண்டு பிள்ளையோடு நாலு உருப்படி, இவருக்கு ரெண்டு கதவு வண்டி மேல் ஆசை, மீதி ரெண்டு பேர் சன்னல் வழியாக ஏறிக் குதிக்க வேண்டுமாக்கும் என்பாள். தங்கமுத்து சிரித்துக்கொண்டே சோற்றுப் போசியைத் திறப்பான். முப்பது வருடம் அவன் ஒரு கூபே வண்டியின் கதவைக்கூடத் திறந்ததில்லை. வெளியே நின்று பார்த்ததோடு சரி. அதனால் அந்தக் கிண்டலில் அவனுக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

போன வருடம் ஆடி மாதம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு நூல் வியாபாரி கூப்பிட்டார். அவருடைய சின்ன லாரியில் பட்டை உடைந்து தறிக்கொட்டகைக்குள்ளேயே நின்றுவிட்டதாம். அவர் பெயர் ஜீவானந்தம். என் வயதுக்காரர்தான். தங்கமுத்து போனான், லாரிக்கு அடியில் படுத்தான், உடைந்த பட்டையைக் கழற்றினான். எழுந்து கையைத் துடைக்கும்போது கொட்டகையின் கடைசியில் நூல் மூட்டைகள் குவித்திருந்ததைப் பார்த்திருக்கிறான். அந்தக் குவியலுக்கு நடுவே வளைந்த கண்ணாடி ஒன்று வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது.

மூட்டைகளை நகர்த்த அனுமதிகூடக் கேட்கவில்லையாம். ஜீவானந்தம் பிறகு என்னிடம் சொன்னார், பட்டை கட்ட வந்த ஆள் நூல் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திருடன் என்றே நினைத்துவிட்டாராம்.

உள்ளே இருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருடத்து ஸ்டூடிபேக்கர் கூபே. மூக்கு விமானத்தின் மூக்கு மாதிரி கூராக நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். பின்பக்கத்தில் நாலு துண்டுக் கண்ணாடி அரைவட்டமாகச் சுற்றி வரும். முன்னால் நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் கண்ணாடிதான். இந்த வண்டி வருகிறதா போகிறதா என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே கேலி செய்வார்களாம். ஜீவானந்தத்தின் அப்பா காளியண்ணன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடமிருந்து இதை வாங்கி, மேட்டூர் ரோட்டில் இருபத்து நாலு வருடம் ஓட்டியிருக்கிறார். அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. முப்பத்தொன்பது வருடம் மேலே நூல் மூட்டை. அதுவே நல்லதாகப் போயிற்று. நாலு கண்ணாடியும் கீறல் இல்லாமல் இருந்தன.

அங்கேதான் சிக்கலும் இருந்தது. பெங்களூரில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த வண்டியைக் கொடுப்பதாக ஜீவானந்தம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஓட்டல்காரர் அதை ஓட்டப் போவதில்லை. இஞ்சினைக் கழற்றிவிட்டு ஓட்டல் வாசலில் மேடை கட்டி ஏற்றி வைத்து, சுற்றிப் பூந்தொட்டி வைக்கப் போகிறார். வண்டியில் ஜீவானந்தத்தின் அக்கா வித்யாவுக்கும் பாதி உரிமை. பள்ளிபாளையத்தில் கணக்கு டீச்சர். அந்தம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றது. அப்பா வண்டியைப் பூந்தொட்டிக்கு நடுவில் நிறுத்தச் சம்மதிக்க மாட்டேன் என்றது. அதற்காகக் கொட்டகையில் மட்கவும் விட முடியாது. அக்காளும் தம்பியும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லாமல் இருந்தார்கள்.

தங்கமுத்து வண்டியைத் தனக்குக் கேட்க, உடைந்த பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே பேருந்து ஏறிப் பள்ளிபாளையம் போய்விட்டான். பட்டையோடு போனான் என்பதை நான் நம்பவில்லை. வித்யா டீச்சரே பிறகு உண்மை என்று சொன்னது. வாசலில் எண்ணெய்க் கையோடு நின்ற ஆளைப் பார்த்துவிட்டு, அது ஒரே நிபந்தனை சொன்னது. வண்டி ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, அப்பா ஓட்டிய வண்டியாகவே இருக்க வேண்டும். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள், அன்றைக்கு வந்து பார்க்கும். நம் வண்டிதான் என்று அதன் மனதுக்குப் பட்டால் வண்டி தங்கமுத்துவுக்கு. படாவிட்டால் திங்கட்கிழமை பெங்களூர் லாரி வரும், டீச்சரும் கையெழுத்துப் போட்டுவிடும். தம்பியும் சரி என்றார்.

அந்த வண்டியை என் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டு வந்து இறக்கிய நாளில் பேட்டையே கூடிவிட்டது. எது முன்பக்கம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. ஒரு டிரைவர் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ரிவர்ஸ் போடுற சிரமமே இல்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

ஐந்து மாதம் வேலை நடந்தது. இஞ்சினைச் சேலத்தில் ஒரு பழைய மெக்கானிக் எடுத்துக்கொண்டார். கதவு இரண்டும் தொங்கிப் போயிருந்தன. கூபே கதவு நீளம், அதனால் கனம், அதனால் கீல் தேய்ந்து தொங்கும். பழைய கீலையே தங்கமுத்து தட்டிச் சரிசெய்து போட்டான். கதவு மூடுகிற சத்தத்துக்காக மட்டும் மூன்று நாள் உழைத்தான். லாரிக் கதவு மாதிரி தகரம் அடிக்கக் கூடாதாம். இரும்புப் பெட்டிக்குள் துணியை வைத்து மூடினால் எப்படிக் கேட்குமோ அப்படி அமுங்கிக் கேட்க வேண்டுமாம். கேட்டது. வேலை இல்லாத நேரத்தில் பேட்டை ஆட்கள் வந்து கதவைத் திறந்து மூடிவிட்டுப் போவார்கள்.

பெயிண்ட் என் வேலை. என்ன கலர் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவு ரப்பரைப் பிரித்தபோது உள்ளே வெயில் படாத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய கலர் இருந்தது. முருங்கை இலையைக் கசக்கினால் வருகிற பச்சை, கொஞ்சம் சாம்பல் கலந்தது. ஏழு தடவை கலந்து அதைப் பிடித்தேன். முப்பது வருடமாக லாரிக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்த கை இது. அந்தப் பச்சையை அடிக்கும்போது எனக்கே மூச்சு மெதுவாக வந்தது. இதை நான் வெளியில் சொன்னதில்லை.

ஸ்பிரிங் பட்டை வேலையைத் தங்கமுத்து யாரையும் தொட விடவில்லை. ஜீவானந்தம் அவர் அப்பாவின் படம் ஒன்று கொடுத்திருந்தார். மேட்டூர் அணைப் பூங்கா முன்னால் வண்டியில் சாய்ந்து காளியண்ணன் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம், வண்டி முழுதாகப் பக்கவாட்டில் தெரியும். அதைச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். முதல் நாளே படத்தைப் பார்த்துவிட்டு, அப்பவே பட்டை தளந்து போயிருக்குது பாரு மச்சான், பின்பக்கம் எப்படிப் படிஞ்சு கெடக்குது, நான் நிமித்தி வெக்கறேன் என்றான். நானும் தலையாட்டினேன். எங்கள் தொழிலில் வால் தாழ்ந்த வண்டி என்றால் பட்டை செத்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனியிலிருந்து புது லாரி வந்தால்கூட முதல் லோடு ஏற்றுவதற்கு முன் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தித்தான் வெளியே விடுவோம். அது இங்கே சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி. போட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

தை பிறந்து இரண்டாம் நாள் வண்டி தயார். வித்யா டீச்சர் சேலம் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று வந்தது. நாங்கள் வண்டியைத் தண்ணீர் தெளித்த வாசலில் வேப்ப மர நிழலில் நிறுத்தியிருந்தோம். டீச்சர் இறங்கி வந்ததும் முதலில் சிரித்தது. பச்சையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டது. இஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்டது. கதவைத் திறந்து மூடியது. பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்றது. அங்கே நின்றபோது அந்த முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. கலரு, சத்தம், கதவு எல்லாம் அப்படியே இருக்குது" என்றது. "ஆனா இது எங்கூட்டு வண்டி இல்லீங்க."

என்ன குறை என்று தங்கமுத்து கேட்டான். அதற்குத் தெரியவில்லை. தெரியாமல் சொல்வது தப்புத்தான், ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை என்றது. புதிதாக எதையாவது சேர்த்தீர்களா என்று கேட்டது. ஒன்றுமே சேர்க்கவில்லை, திருகாணிகூடப் பழசுதான் என்று அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவன் பக்கத்தில்தான் நானும் நின்றேன், எனக்கும் அதுதான் உண்மை என்று பட்டது.

டீச்சர் போன பிறகு அவன் வண்டியைச் சுற்ற ஆரம்பித்தான். அடுத்த ஒரு வாரம் லாரி வேலை எதுவும் ஓடவில்லை. மூக்கு வளையத்தைக் கழற்றிப் பார்த்தான். கண்ணாடி ரப்பரை அமுக்கிப் பார்த்தான். கூரையில் கை வைத்துத் தடவிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் நடந்தான். தரையில் சாக்பீஸால் வண்டியை வரைந்து வரைந்து அழித்தான். கோடு சரியாகத்தான் வந்தது. நிமிர்ந்து வண்டியைப் பார்த்தால் ஏதோ இடித்தது. என் பெயிண்ட்தான் பளபளப்புக் கூடிவிட்டதோ என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. பெங்களூர்க்காரர் லாரிக்குச் சொல்லிவிட்டதாக ஜீவானந்தமும் போன் செய்து வருத்தத்தோடு சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் கந்தம்மாள் சோறு கொண்டு வந்தாள். அவள் பட்டறைக்குள் வந்து அந்த வண்டியை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். எங்கே உட்காருவது என்று இடம் தேடி, சுவர் ஓரம் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்துக்கு நேராகச் சுவரில் படம், அதற்குக் கீழே வண்டி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், சாப்பிடவில்லை.

"ஏனுங்க, படத்துல இருக்கறது படுத்து அசை போடற மாடாட்ட இருக்குது" என்றாள். "நீங்க செஞ்சு வெச்சிருக்கறது எந்திரிக்கற மாடாட்டல்ல நிக்குது."

மாடு எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தைத்தான் தூக்கும். தலை அப்போது கீழேதான் இருக்கும். மாடு வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தங்கமுத்து சோற்றுக் கையோடு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனான். படத்தில் பின்சக்கரத்தின் மேல் பாதி மூடியிருந்தது, வால் தரையைப் பார்த்து வழிந்திருந்தது. திரும்பி வண்டியைப் பார்த்தான். பின்சக்கரம் அதைவிடக் கூடத் தெரிந்தது, வால் கிளம்பி நின்றது. வித்தியாசம் மூன்று விரற்கடைதான் இருக்கும். அந்த மூன்று விரற்கடையில் கோடு உடைந்து போயிருந்தது. கூரையிலிருந்து வழிந்து வந்த கோடு வாலுக்கு வருமுன் யாரோ அடியிலிருந்து முட்டிய மாதிரி நின்றுவிட்டது.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"பட்டை போட்டுட்டனே மச்சான்" என்றான். அதோடு அந்த டயருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. முப்பது வருடம் கூரை எப்படி இறங்குகிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதன், கையில் ஒரு கூபே கிடைத்ததும் அதற்கு இரும்பும் ஜல்லியும் ஏற்றுகிற லாரி மாதிரி கூடுதல் பட்டை போட்டு நிமிர்த்திவிட்டான். அதைப் போட்டதே அவன் நினைவில் இல்லை. படத்தில் பார்த்த பட்டை தளர்ந்ததே இல்லை. அந்த வண்டி படிந்து நிற்பதற்கென்றே செய்தது.

சிரித்து முடித்ததும் இன்னொரு சிக்கல். பட்டையைக் கழற்ற அவன் கை வரவில்லை. பட்டை கூட்டத்தான் இந்தக் கைக்குத் தெரியும், குறைத்துப் பழக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனவன் அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தான். ரோட்டில் குழி விழுந்தால் என்ன ஆகும், பின்னால் ஆள் ஏறினால் என்ன ஆகும் என்று அடியிலிருந்தே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறினால் படியும், படிந்தால் படியட்டும், காளியண்ணன் இருபத்து நாலு வருடம் ஓட்டவில்லையா என்று நான் கத்தினேன். சத்தம் போட்டுத்தான் அவனை வேலை வாங்க முடியும்.

கழற்றினான். மீதிப் பட்டைகளையும் உலையில் வைத்தான். படத்தில் சக்கரம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று கணக்குப் பார்த்து, தரையில் புதிதாக ஒரு கோடு போட்டான். அந்த உலைக்களத்தில் அவ்வளவு படுக்கையான கோட்டை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை உச்சி வெயிலில் வண்டியைக் கீழே இறக்கினோம். ஜாக்கியைத் தளர்த்தத் தளர்த்த, பின்பக்கம் மெதுவாக இறங்கி, பெருமூச்சு விட்ட மாதிரி அமர்ந்தது. பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எத்தனை டன் ஏறும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேலத்தில் அந்த மைதானத்துக்குள் போனோம். தங்கமுத்து ஓட்டினான், நான் பக்கத்தில், கந்தம்மாள் பின்னால். அவளை உள்ளே ஏற்ற முன்சீட்டை மடக்கி, சேலையைப் பிடித்து, தலையைக் குனியச் சொல்லி நாங்கள் பட்ட பாட்டை விவரிக்க மாட்டேன், அவள் படித்தால் என்னைக் கேட்பாள். மைதானத்தில் ஐம்பது அறுபது பழைய கார்கள் துடைத்து நின்றன. கோயமுத்தூரிலிருந்து, ஈரோட்டிலிருந்து எல்லாம் வந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவர் நேராக வந்து, வாலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கூரையைப் பார்த்தார். தங்கமுத்து மாதிரியே பார்க்கிற இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே பார்த்தால் அப்படிப்பட்டவர்கள்தான் கூட்டமே. இவன் அவர்களோடு சேர்ந்து குந்திவிட்டான். ஒருவர் பேசுவது தெலுங்கு, ஒருவர் கன்னடம். எல்லோரும் காற்றில் கையால் ஒரே கோட்டைத்தான் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு ஜீவானந்தமும் வித்யா டீச்சரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். தங்கமுத்து எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்றான். பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றான் என்று சொல்லலாம், ஆனால் அவன் எட்டாவது பரீட்சைக்கே போகவில்லை.

டீச்சர் பத்தடி தள்ளி நின்றது. பார்த்தது. நேராக வந்து கதவைத் திறந்தது, முன்சீட்டை ஒரே தள்ளில் மடக்கியது, கந்தம்மாளுக்குப் பத்து நிமிடம் பிடித்த வேலையை இரண்டு நொடியில் முடித்துப் பின்சீட்டில் ஏறிவிட்டது. ஏறி உட்காரவில்லை. பட்டுச்சேலையோடு சீட்டில் முட்டிபோட்டு, பின்பக்கம் திரும்பி, அந்த அரைவட்டக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டது. ஐம்பத்தாறு வயது டீச்சர்.

"அண்ணா, வண்டிய எடுங்க" என்றது உள்ளிருந்து.

தங்கமுத்து எடுத்தான். மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். சுற்றுக்குச் சுற்று அந்தக் கண்ணாடிக்குள் டீச்சர் முகம் எங்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று. முதல் சுற்றில் அழுதுகொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டியது. மூன்றாவது சுற்றில் நாக்கைத் துருத்திக் காட்டியது. ஜீவானந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தார். சின்ன வயதில் இதே மாதிரிதான், அக்காள் பின்கண்ணாடி இடத்தைப் பிடித்துக்கொண்டால் இவருக்கு முன்சீட்டுத்தான் கிடைக்குமாம், அந்தச் சண்டை ஓயவே ஓயாதாம். மூச்சு வாங்க நின்றபோது என்னிடம் சொன்னார்.

வண்டி நின்றதும் டீச்சர் கண்ணாடிக்குள்ளிருந்தே தம்பியைக் கூப்பிட்டது.

"ஜீவா, பெங்களூர்க்காரருக்கு லாரி வேண்டாம்னு சொல்லீரு. நம்ம வண்டிய நாமக்கல்லுக்குக் கட்டிக் குடுத்தாச்சுன்னு சொல்லு."

ஒரு வருடமாகப் பேசாத அக்காள் பேசியது. ஜீவானந்தம் அங்கேயே போன் போட்டுச் சொன்னார். பெங்களூர்க்காரர் நல்ல மனிதர். வருத்தப்பட்டுவிட்டு, பூந்தொட்டி வாங்கிவிட்டேனே என்றாராம்.

பிறகு அக்காளையும் தம்பியையும் ஜலகண்டாபுரத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தங்கமுத்து பிடிவாதமாக நின்றான். பின்னால் டீச்சரும் கந்தம்மாளும். முன்னால் நாங்கள் மூன்று பேர். தாரமங்கலம் தாண்டி வெயிலில் சும்மா அலுங்காமல் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பள்ளிக்கூடம் முன்னால் வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது அடியில் சைலன்சர் குழாய் தரையில் உரசி, கரகரவென்று ஒரு சத்தம். பட்டை வேலைக்காரனுக்கு இதைவிட மானக்கேடான சத்தம் கிடையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜீவானந்தம் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு பட்டை கூடப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டார்.

"போடமாட்டனுங்க. அஞ்சு பேரு ஏறுனா அடிக்கத்தானுங்க அடிக்கும். ரெண்டு பேருக்குன்னு செஞ்ச வண்டி" என்றான் தங்கமுத்து.

"எந்த ரெண்டு பேருங்க அது?" என்று பின்னாலிருந்து கந்தம்மாள் கேட்டாள்.

அடுத்த வேகத்தடை வந்ததும் அவன் வண்டியை ஓரம் கட்டினான். எல்லோரும் இறங்குங்கள் என்றான். இறங்கினோம். முன்னால் இருந்தவர்கள் இறங்கி, சீட்டை மடக்கி, பெண்களுக்குக் கை கொடுத்து இறக்கி, நாலு பேரும் நடந்து வேகத்தடையைத் தாண்டினோம். அவன் ஒற்றை ஆளாக வண்டியைப் பூ மாதிரி ஏற்றி இறக்கினான். சத்தமே இல்லை. மறுபடி சீட்டை மடக்கி ஏறினோம். ஜலகண்டாபுரம் போய்ச் சேருவதற்குள் ஒன்பது முறை இப்படி இறங்கி ஏறினோம். ஐந்தாவது முறைக்கு மேல் டீச்சரும் கந்தம்மாளும் யார் முதலில் இறங்குவது என்று போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். தறி ஓடுகிற வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, இது என்ன வண்டி, இதில் ஏன் எல்லோரும் நடந்து போகிறார்கள் என்று கேட்டார்கள். நான்தான் முன்னால் நடந்துகொண்டே பதில் சொன்னேன். கூபே என்றேன்.